எஃப்.டி.பி. சோதனை தரும் எண்ணில் என்னென்ன கலந்திருக்கிறது?

சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவியான ட்ரெய்னரில் பூட்டி, 20 நிமிடம் முழு வலுவோடு மிதித்து, வாட் அளவில் கிடைத்த சராசரித் திறனில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால் அதுவே எஃப்.டி.பி. (Functional Threshold Power) என்பது சைக்கிள் பயிற்சியாளர்களிடையே பரவலாக வழங்கும் கணக்கு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் தளர்ந்துவிடாமல் தாங்கக்கூடிய மிக உயர்ந்த திறன் என்று அமெரிக்க உடலியங்கியலாளர் ஆண்ட்ரூ காகன் இதை வரையறுத்தார். நீண்டநேர ஓட்டத்துக்கு இதில் 56 முதல் 75 விழுக்காடு, எல்லைநிலைப் பயிற்சிக்கு 91 முதல் 105 விழுக்காடு என்று பயிற்சி வலயங்கள் அனைத்தும் இந்த ஒற்றை எண்ணிலிருந்தே வகுக்கப்படுகின்றன. ஆகவே எண் 20 வாட் தவறாக இருந்தால் அதன்மீது கட்டிய பல வாரப் பயிற்சியும் சேர்ந்தே தவறிப்போகும்.

உடலுக்குள் உண்மையில் ஓர் எல்லை இருக்கிறது. மிதமாக மிதிக்கும்போதும் தசைகள் லாக்டேட் என்னும் வேதிப்பொருளை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கின்றன. அது கழிவன்று, இதயமும் பிற தசை இழைகளும் அதை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. உண்டாகும் வேகமும் பயன்படும் வேகமும் ஈடுகொடுக்கும் வரை இரத்தத்தில் அதன் அளவு நிலையாக நிற்கும். ஒரு குறிப்பிட்ட திறனைத் தாண்டியதும் அந்தச் சமநிலை உடைகிறது: லாக்டேட் ஏறிக்கொண்டே போகிறது, ஆக்சிஜன் நுகர்வும் அடங்காமல் உச்சத்தை நோக்கி உயர்கிறது, சில நிமிடங்களிலோ பல நிமிடங்களிலோ கால்கள் ஓய்ந்துவிடுகின்றன. நாம் கண்டறிய விரும்புவது இந்த இடத்தைத்தான். விரலில் குத்தி இரத்தம் எடுக்காமல், வெறும் வாட் அளவைக் கொண்டு அதை எட்ட முயல்வதில்தான் சோதனையின் நுட்பமும் சிக்கலும் அடங்கியிருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள, மோனோ, ஷெரேர் ஆகியோர் 1965-இல் தசை உழைப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வு மிகவும் உதவும். மொரிதானியும் உடனாய்வாளர்களும் 1981-இல் அதைச் சைக்கிள் மிதித்தலுக்கு விரித்தனர். அதன்படி ஒருவரின் ஆற்றலுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நெடுநேரம் தாங்கும் மாறுநிலைத் திறன் (critical power). மற்றொன்று, அதற்கு மேலே போகும்போதெல்லாம் செலவாகும், அளவுக்குட்பட்ட கையிருப்பு. இந்தக் கையிருப்பு ஜூல் கணக்கில் அளக்கப்படும். ஒருவர் 3 நிமிடத்துக்கு 340 வாட்டும், வேறொரு நாளில் 12 நிமிடத்துக்கு 280 வாட்டும் தருகிறார் என்று கொள்வோம். முதல் முயற்சியில் செய்த வேலை 61,200 ஜூல். இரண்டாவதில் 2,01,600 ஜூல். இவற்றின் வேறுபாட்டை இடைப்பட்ட 540 வினாடிகளால் வகுத்தால் 260 வாட் கிடைக்கிறது. அதுவே அவருடைய மாறுநிலைத் திறன். முதல் முயற்சியில் அதற்கு மேல் செலவான 14,400 ஜூல் அவருடைய கையிருப்பு. மாறுநிலைத் திறனும் எஃப்.டி.பி.யும் முற்றிலும் ஒன்றல்ல, முன்னது பெரும்பாலும் சற்று உயர்ந்தே இருக்கும். எனினும் இரண்டும் ஏறக்குறைய ஒரே எல்லையைத்தான் சுட்டுகின்றன.

இதே மனிதர் 20 நிமிடச் சோதனை செய்தால், அந்த 14,400 ஜூலும் 1,200 வினாடிகளில் பரவி, வினாடிக்கு 12 ஜூல், அதாவது 12 வாட் கூடுதலாகச் சேரும். சராசரி 272 வாட். அதில் 95 விழுக்காடு 258. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அது பொருந்துவதற்குக் காரணம் அவருடைய கையிருப்பு நடுத்தரமானது என்பதே. முறைப்படியான சோதனையில் 20 நிமிடத்துக்கு முன்பே 5 நிமிடம் முழுமூச்சில் மிதித்து, கையிருப்பின் பெரும்பகுதியைக் கரைத்துவிட வேண்டும். பலரும் இந்தக் கட்டத்தைத் தவிர்த்துவிட்டு 0.95-ஆல் பெருக்குவதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எண் ஊதிப்போவதற்கு இதுவே முதன்மையான வழி என்று நினைக்கிறேன்.

ராம்ப் சோதனையில் இந்தக் கலப்பு இன்னும் கூடுதல். இதில் எதிர்ப்பு நிமிடத்துக்கு 20 வாட் என்பதுபோல ஏறிக்கொண்டே போகும். இனி முடியாது என்று நிற்கும் வரை மிதித்து, சிறந்த ஒரு நிமிடச் சராசரியில் 75 விழுக்காட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். உடல் வதை குறைவு, வேகத்தைத் திட்டமிட வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்கு இது ஏற்றதுதான். ஆனால் மேற்சொன்ன மாதிரியை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பலவீனம் தெரியும். 260 வாட் மாறுநிலைத் திறனும் 14,400 ஜூல் கையிருப்பும் உள்ளவருக்கு இது ஏறத்தாழ 261 வாட் என்று சொல்லும். அதே 260 வாட்டோடு 24,000 ஜூல் கையிருப்பு உள்ள, குறுவோட்டத்தில் வல்ல ஒருவருக்கு 282 என்று சொல்லும். 8,000 ஜூல் மட்டுமே உள்ள நெடுந்தூர ஓட்டக்காரருக்கு 242 என்று குறைத்துவிடும். எல்லை மூவருக்கும் ஒன்றே. எண்கள் மட்டும் 40 வாட் விலகி நிற்கின்றன. எல்லைநிலைப் பயிற்சியைப் பாதியில் கைவிட நேர்பவர்கள் தம் மனவுறுதியைப் பழிப்பதற்கு முன்னால், தாம் செய்த சோதனை எது என்று பார்ப்பது நியாயம்.

அளக்கும் கருவிக்கும் இதில் பங்கு உண்டு. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே பூட்டும் ட்ரெய்னர்களில் பிழை 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 260 வாட்டில் அது ஐந்து வாட் வரை வரும். டயரை உருளையில் அழுத்தி ஓடும் வகைகளில் காற்றழுத்தமும் சூடும் மாறினால் உராய்வும் மாறும். எனவே பத்து நிமிடம் மிதித்து டயரைச் சூடேற்றியபின், சக்கரத்தைத் தானாக ஓடி நிற்கவிட்டு அளவைச் சரிசெய்யும் சோதனையைச் செய்யாமல் தொடங்கக் கூடாது. மேலும், வேகம் எதுவாயினும் குறித்த வாட்டில் எதிர்ப்பைப் பிடித்துவைக்கும் எர்க் முறை ராம்ப் சோதனைக்குத் தேவை. 20 நிமிடச் சோதனைக்கு அதை அணைத்துவிட வேண்டும், ஏனெனில் அங்கே திறனைத் தீர்மானிக்க வேண்டியது கால்களே.

வெப்பத்தைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நாம் எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காடு மட்டுமே பெடலைச் சேர்கிறது. 250 வாட் தருபவரின் உடல் 750 முதல் 1,000 வாட் வரை வெப்பத்தையும் வெளியேற்றியாக வேண்டும். சாலையில் எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அறைக்குள் அது தோலைச் சுற்றியே தேங்குவதால், இரத்தம் தசையிலிருந்து தோலுக்குத் திருப்பப்படுகிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது, எல்லை தாழ்கிறது. முகத்துக்கும் மார்புக்கும் நேரே வலுவான மின்விசிறி இல்லாமல் செய்த சோதனை, உடலின் எல்லையைவிட அறையின் வெப்பத்தையே அதிகம் அளக்கிறது.

பொறுமை உள்ளவர்களுக்கு 3 நிமிட, 12 நிமிட முயற்சிகளை நல்ல ஓய்வுக்குப் பின் தனித்தனி நாள்களில் செய்யும் முறையையே பரிந்துரைப்பேன். எல்லையோடு கையிருப்பும் தெரிந்துவிடுவதால், எது வளர்ந்தது என்பதை அடுத்த முறை பிரித்தறியலாம். எந்த முறையானாலும், அதே ட்ரெய்னர், அதே மின்விசிறி, நாளின் அதே நேரம் என்று வைத்துக்கொண்டால்தான் இரு சோதனைகளை ஒப்பிட முடியும். வந்த எண்ணைச் சரிபார்க்க, சில நாள் கழித்து அதே திறனில் 30 நிமிடம் மிதித்துப் பார்க்கலாம்: மூச்சு ஆழமாயினும் ஒரே சீரில் ஓடினால் எண் ஏற்கத்தக்கது, 15-ஆவது நிமிடத்திலேயே மூச்சிரைப்பு கட்டுக்கடங்காமல் போனால், ஐந்து முதல் பத்து வாட் குறைத்துக்கொண்டு மீண்டும் முயல வேண்டும்.