தண்ணீர் தராத பாறை

எடின்பரோ கோட்டையைக் கட்டியவர்கள் ஸ்காட்லாந்து மன்னர்கள். ஆனால் அதற்கான இடத்தை அமைத்துக் கொடுத்தவை ஓர் எரிமலையும் ஒரு பனியாறும்தான்.

சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழாயில் மேலேறிய பாறைக்குழம்பு உள்ளேயே உறைந்து, டோலரைட் என்ற கடினப் பாறையானது. சுற்றிலும் இருந்தவை அதைவிட மென்மையான படிவுப் பாறைகள். பனியுகத்தில் மேற்கிலிருந்து நகர்ந்துவந்த பனியாறு அவற்றைச் சுரண்டித் தள்ளியது. டோலரைட் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. பனி அதன் இருபுறமும் பிரிந்து ஆழமாகத் தோண்டிக்கொண்டு போனது. ஆற்றின் நடுவே கிடக்கும் பாறாங்கல்லுக்குப் பின்னாலுள்ள மணலை வெள்ளம் அரிப்பதில்லை அல்லவா? அதுபோலப் பாறையின் கிழக்கே இருந்த மென்பாறை மட்டும் சரிவாகத் தப்பிப் பிழைத்தது. இன்று ராயல் மைல் எனப்படும் தெரு அந்தச் சரிவின் முதுகில்தான் ஓடுகிறது.

ஆக மூன்று பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் மட்டும் வழி. காவலை முழுவதும் கிழக்கே குவித்தால் போதும். அந்த நம்பிக்கையும் ஒருமுறை பொய்த்தது: 1314 மார்ச்சில் ஸ்காட்லாந்துத் தளபதி தாமஸ் ராண்டால்ஃப் சுமார் 30 பேருடன் இரவில் வடக்குப் பாறையில் ஏறி, ஆங்கிலேயர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தார். மன்னர் ராபர்ட் புரூஸ், எதிரிக்கு மீண்டும் பயன்படக் கூடாதென்று அதன் அரண்களை இடிக்கச் சொன்னார். 12ஆம் நூற்றாண்டின் சிறிய புனித மார்கரெட் தேவாலயம் மட்டும் தப்பியது.

என்றாலும் வீரர்கள் பாறையேறிய கதையைவிடக் கிணற்றின் கதைதான் எனக்குச் சுவையாகப் படுகிறது.

மணற்கல்லில் மணல்களுக்கு இடையே நுண்துளைகள் உண்டு. மழைநீர் அதில் ஊறித் தங்கும். டோலரைட்டில் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. விரிசல்களில் கசிவதைத் தவிர, நீர் தங்க இடமில்லை. பெய்யும் மழையில் பெரும்பகுதி வழிந்து கீழே போய்விடும். உச்சியில் 28 மீட்டர் ஆழம் குடைந்தார்கள். அப்படியும் வறட்சியிலும் முற்றுகையிலும் கிணறு கைவிட்டது. பனியாற்றையே தாங்கி நின்ற கடினம்தான் காவலர்களைத் தாகத்தில் தவிக்கவிட்டது.

1571 முதல் 1573 வரை நடந்த நீண்ட முற்றுகையில் இது அம்பலமானது. நாட்டைவிட்டுத் தப்பியிருந்த ஸ்காட்லாந்து அரசி மேரியின் பெயரால் வில்லியம் கிர்கால்டி கோட்டையைப் பிடித்து வைத்திருந்தார். எதிரணியின் ஆட்சிப் பொறுப்பாளர் மார்ட்டனுக்கு இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் பீரங்கிகளை அனுப்பினார். 1573 மே மாதம் அவை கிழக்கு முகப்பைத் தகர்த்தன. 14ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட, சுமார் 30 மீட்டர் உயர டேவிட் கோபுரம் சரிந்தது. அதன் இடிபாடுகள் கிணற்றை அடைத்தன. பாறையடியில் இருந்த ஊற்றையும் முற்றுகையிட்டவர்கள் கெடுத்துவிட்டார்கள். உணவு இருந்திருந்தாலும் அதற்குமேல் தாக்குப்பிடித்திருக்க முடியாது. அந்த மாத முடிவிலேயே கோட்டை சரணடைந்தது. ஆகஸ்டில் கிர்கால்டியைத் தூக்கிலிட்டார்கள்.

வென்ற மார்ட்டன் இடிந்த கோபுரத்தின் அடிப்பகுதியைச் சுற்றி அரைவட்டப் பீரங்கி மேடையை எழுப்பத் தொடங்கினார். அதுவும் கிழக்கையே பார்க்கிறது. உள்ளே புதைந்துபோன டேவிட் கோபுரத்தின் எச்சங்கள் 1912இல்தான் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன.