இன்புதிர்: ‘கோஸி மிஸ்டரி’ என்னும் பெயரும் அதற்கான தமிழும்

‘கோஸி மிஸ்டரி’ என்பது துப்பறியும் கதைகளுள் ஒரு தனி வகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். இவ்வகைக் கதையில் பெரும்பாலும் ஒரு கொலை உண்டு. ஆனால் அது வாசகரின் கண்முன் நடப்பதில்லை, குருதியும் கொடுமையும் விரித்துரைக்கப்படுவதில்லை. உண்மையைக் கண்டுபிடிப்பவர் காவல் அதிகாரியாக இருப்பது அரிது. ஓய்வுபெற்ற ஆசிரியை, பலகாரக் கடைக்காரர், நூலகர், பூனை வளர்க்கும் பத்திரிகையாளர் என வேறு பிழைப்புள்ள ஒருவரே அந்த வேலையைத் தம் தலையில் தாமாகப் போட்டுக்கொள்வார். ஒவ்வொருவருக்கும் மற்றவரின் மூன்று தலைமுறை தெரிந்திருக்கும் சிற்றூர்தான் களம். கதை முடியும்போது குற்றவாளி பிடிபடுவார், ஊர் பழைய நிலைக்குத் திரும்பும். இதே ஊரும் இதே மனிதர்களும் அடுத்த நூலில் மீண்டும் வருவார்கள்.

இப்பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவைப்பதில் ஒரு தொல்லை உண்டு. ‘கோசி’ என்று எழுதினால் பீகாரில் வெள்ளம் கொண்டுவரும் ஆறுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கிரந்த எழுத்திட்டுக் ‘கோஸி’ என்று எழுதினாலோ சொல் எதையும் சொல்லாமல் நிற்கிறது. ஆகவே பொருளைத் தேடியே போகவேண்டும்.

‘கோஸி’ ஸ்காட்லாந்து வட்டாரத்திலிருந்து பொது ஆங்கிலத்துக்கு வந்த சொல். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அங்கே ‘கால்சி’ என்ற வடிவத்தில் வழங்கியது. அதற்கு முந்தைய வேர் உறுதிப்படவில்லை என்றாலும், நார்வே மொழியில் இதமாகப் பொழுதுபோக்குவதைக் குறிக்கும் சொல்லோடு அதற்கு உறவிருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. இரண்டுமே குளிர்நாடுகள். வெளியே பனி விழ, உள்ளே கணப்பருகில் போர்வையோடு அமர்ந்திருக்கும் சுகமே சொல்லின் அடிப்படைப் பொருள். தேநீர்க் குடுவை ஆறிவிடாமல் இருக்க அதன்மேல் கவிழ்க்கும் பின்னல் உறைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். பிரிட்டனில் ‘எஸ்’ எழுத்திட்டும் அமெரிக்காவில் ‘இசட்’ எழுத்திட்டும் எழுதுவார்கள். கதைவகைக்கு இப்பெயர் வந்ததென்னவோ பிற்காலத்தில்தான். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் துப்பறியும் கதைகளைப்போல மீண்டும் எழுத முற்பட்டவர்களின் நூல்களுக்கு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடப்பட்ட அடையாளம் அது.

‘மிஸ்டரி’ இன்னும் பழைய சொல். கண்ணையோ வாயையோ மூடிக்கொள்ளுதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து, வெளியே சொல்லக்கூடாத சமயச் சடங்குகளின் பெயராகி, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ‘மர்மம்’ வடமொழியின் ‘மர்மன்’. இறத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த அச்சொல் முதலில் இரகசியத்தைக் குறிக்கவில்லை; அடிபட்டால் உயிர் போகக்கூடிய உடலிடத்தைக் குறித்தது. அத்தகைய இடம் எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதால் மறைபொருள் என்ற கருத்து அதன்மேல் ஏறியது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இந்தப் பழம்பொருளைத் தனியாக விளக்கவேண்டியதில்லை. விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் ‘வர்மம்’ என்றும், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் ‘மர்மம்’ என்றும் சொல்லப்படுவது இதுவே. வன்மம் என்ற சொல்லோடு அதை இணைப்பாரும் உண்டு. ஆயினும் மர்மமே வர்மமாயிற்று என்பதுதான் பெரும்பாலோர் கொள்கை. வர்மம் கற்ற ஆசானிடம் அடிமுறை மட்டும் இருப்பதில்லை, அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையும் இருக்கும். அடிக்கத் தெரிந்து இளக்கத் தெரியாதவரை இப்பக்கத்தில் ஆசான் என்று யாரும் மதிப்பதில்லை. கோஸி மிஸ்டரியின் இலக்கணத்தைக் கேட்டால் எனக்கு இதைவிடத் தெளிவான விடை தோன்றுவதில்லை. முதல் சில பக்கங்களில் ஊரின் மர்மத்தில் அடி விழுகிறது. மிச்சப் பக்கங்கள் முழுவதும் இளக்குமுறை.

இந்த வகையின் தாய்வீடு இங்கிலாந்து. அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனையின் மருந்தகத்தில் பணிபுரிந்தவர். அவருடைய கதைகளில் துப்பாக்கியைவிட நஞ்சு அதிகம் பேசப்படுவதற்கு அந்த அனுபவமே காரணம். பின்னலும் கையுமாக அமர்ந்து, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டபடியே கொலையாளியை அடையாளம் காணும் மிஸ் மார்ப்பிள் என்ற மூதாட்டியை அவர் 1927இல் ஒரு சிறுகதையிலும் 1930இல் ஒரு நாவலிலும் அறிமுகப்படுத்தினார். பின்னர் அந்த மூதாட்டி வரும் நாவல்கள் பன்னிரண்டாயின. புதிதாக எது நடந்தாலும், தம் கிராமத்தில் முன்பு பார்த்த ஒரு சின்ன நிகழ்ச்சியோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவருடைய முறை. மீன்காரர் மகன் சொன்ன பொய்யும் பெருந்தனக்காரர் சொன்ன பொய்யும் ஒரே வகை என்று கண்டுகொள்வதற்குப் படிப்பு வேண்டியதில்லை. ஒரே ஊரில் நெடுங்காலம் இருந்திருந்தால் போதும்.

எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே ஓர் உடன்படிக்கையும் அந்நாளில் உருவாயிற்று. பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்துக் கட்டளைகளை வகுத்தார். துப்பறிபவர் கண்ட தடயம் எதையும் வாசகருக்கு மறைக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. தற்செயலால் குற்றம் துலங்கக்கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது விதியைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்குச் சிரிப்பு வரவேண்டும். ஏனென்றால் எழுத்தாளர் தேவன் படைத்த துப்பறியும் சாம்பு தற்செயலைத் தவிர வேறெதையும் நம்பிப் பிழைத்தவரல்லர். வங்கிக் குமாஸ்தாவான அவர் தவறான இடத்தில் தடுக்கி விழுவார், அங்கே திருடன் இருப்பான். நாக்ஸின் கணக்கில் சாம்பு முழுக்குற்றவாளி. ஆனால் குடும்பச் சூழல், கொடுமை காட்டாத நடை, மீண்டும் மீண்டும் வரும் பழகிய முகங்கள் ஆகியவற்றைப் பார்த்தால், இப்பெயர் நம்மிடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பொருள் வந்துவிட்டது என்பதற்கு அவரே சாட்சி.

இத்தகைய கதைகளை ஒற்றையாகப் படிப்பதைவிட வரிசையாகப் படிப்பதில்தான் உண்மையான இன்பம் இருக்கிறது. முதல் நூலில் வாசகர் ஊருக்குப் புதியவர். தேவாலயம் எங்கே, அஞ்சலகம் எங்கே, யார் யாரோடு பேசுவதில்லை என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளவே பாதி நூல் ஆகிவிடும். மூன்றாம் நூலுக்கு வரும்போது அவர் அவ்வூர்க்காரர். புதிதாக ஒருவர் வாடகைக்கு வீடு பார்த்து வந்தாலே அவருக்குச் சந்தேகம் தட்டும். கொலையாளி நூலுக்கு நூல் மாறுவார். ஆனால் கடைக்காரரின் மூட்டுவலி மாறாது, பக்கத்து வீட்டுச் சண்டை மாறாது, நடக்குமா நடக்காதா என்று ஐந்து நூல்களாக இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு திருமணம் ஆறாவதில் நடக்கும். பலர் புதிரின் விடையைவிட அந்தத் திருமணத்துக்காகவே அடுத்த நூலை வாங்குகிறார்கள் என்று நான் நினைக்கிறேன், அதில் தவறொன்றும் இல்லை. லிலியன் ஜாக்சன் பிரான் 1966இல் தொடங்கிய சயாமியப் பூனைக் கதைகள் 1968இல் மூன்று நூல்களோடு நின்று, 18 ஆண்டு இடைவெளிக்குப் பின் 1986இல் மீண்டும் தொடங்கி 29 நாவல்கள் வரை போயின. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பூனைகளை வரவேற்க வாசகர்கள் காத்திருந்தார்கள் என்பதே இவ்வகையின் பலத்துக்குச் சான்று.

வரிசை நீள நீள ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொள்ளும். 1984 முதல் 1996 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 264 பகுதிகளாக ஓடிய ‘மர்டர், ஷி ரோட்’ தொடரின் நாயகி ஒரு கடலோரச் சிற்றூரில் வாழ்பவர். அந்த ஊரில் விழுந்த பிணங்களைக் கணக்குப் பார்த்தவர்கள், இவ்வளவு சிறிய ஊரில் இத்தனை கொலையா என்று கேலி செய்து, அந்த ஊரின் பெயராலேயே அதை ஒரு நோயாக்கிவிட்டார்கள். வாசகர் இதை அறிந்தே மன்னிக்கிறார்.

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். குளிரைப் போக்கும் சுகம் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு ‘கதகதப்பு மர்மம்’ என்று சொல்வாருண்டு. அது நம் தட்பவெப்பத்துக்கே பொருந்தாத சொல். நமக்குக் கண் குளிரவேண்டும், வயிறு குளிரவேண்டும், மனம் குளிரவேண்டும்; சூடு என்பது பெரும்பாலும் கோபத்துக்கும் காய்ச்சலுக்கும் உரியது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆனி மாதத்தில் மார்த்தாண்டத்துக்காரருக்கு வேண்டுமானால் கட்டஞ்சாயா என்னும் பாலில்லாத் தேநீரோடு கொஞ்சம் கதகதப்பு பிடிக்கலாம், மற்ற மாதங்களில் அவரும் விசிறி தேடுபவரே. இவ்வகை குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் 1998இல் தொடங்கிய வரிசை காட்டிவிட்டது. போட்ஸ்வானா நாட்டுத் தலைநகரில் துப்பறியும் நிலையம் நடத்தும் பெண்மணியின் கதைகள் அவை. அங்கே ஆறுதல் தருவது கணப்பு அன்று, மர நிழலும் செந்நிறத் தேநீரும்.

‘இதமான மர்மக்கதை’ என்பது அடுத்த தேர்வு. ‘இதம்’ என்பது வடமொழி ‘ஹித’. ‘உரிய இடத்தில் வைக்கப்பட்டது’ என்ற பொருளிலிருந்து ‘நன்மை தருவது’ என்று வளர்ந்த சொல். கலைந்ததை உரிய இடத்தில் வைப்பதே இக்கதைகளின் வேலை என்பதால் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான அடைமொழி கிடைப்பது கடினம். குறை ‘மர்மக்கதை’ என்ற பகுதியில் இருக்கிறது. தமிழ் வாசகர் அப்பெயரைப் பார்த்தால் பாழடைந்த பங்களாவையும் வெள்ளைச் சேலையையும் எதிர்பார்ப்பார். ‘துப்பறியும் நாவல்’ என்றாலோ தொழில்முறைத் துப்பறிவாளர் வந்து நிற்கிறார். வள்ளுவர் 59ஆம் அதிகாரத்தில் பேசும் ‘ஒற்று’ அரசனுடைய ஆள். பலகாரக் கடைக்காரருக்கு ஆகாது. எல்லைக்கு அப்பால் மலையாளத்தார் வழங்கும் ‘அபஸர்ப்பக நோவல்’ என்பதிலும் உளவாளியே இருக்கிறார், ‘குற்றான்வேஷண நோவல்’ என்பதில் காவல் நிலைய வாடை வீசுகிறது. இரு மொழியும் படிக்கத் தெரிந்த முதியவர்கள் மலையாள எழுத்தாளர் கோட்டயம் புஷ்பநாத்தின் நாவல்களுக்கு இச்சொற்களைத் தயங்காமல் பயன்படுத்துவார்கள். அவை விறுவிறுப்புக்கென எழுதப்பட்டவை, சொல்லும் சரியாகப் பொருந்துகிறது.

எஞ்சுவது புதிர். தொல்காப்பியம் ‘பிசி’ என்று பெயரிட்டு, ‘தோன்றுவது கிளந்த துணிவு’ என்று அதன் ஒரு வகையைச் சொல்கிறது. கண்ணுக்குத் தோன்றுவதைச் சொல்லி, சொல்லாததைத் துணியவைப்பது என்று அதற்கு நான் பொருள் கொள்கிறேன். நாக்ஸின் கட்டளையும் இதைத்தான் கேட்கிறது. தென்மாவட்டங்களில் விடுகதைக்கு ‘அழிப்பாங்கதை’ என்றும் பெயருண்டு. மலையாளத்தில் ‘அழிக்குக’ என்றால் முடிச்சை அவிழ்ப்பது. அதைக்கொண்டு பார்த்தால் அழிப்பாங்கதை என்பதை அவிழ்க்கவேண்டிய கதை என்று கொள்ள இடமிருக்கிறது. கதையின் இறுதி விளக்கத்துக்கு ஆங்கிலத்தார் கடன்வாங்கிய பிரெஞ்சுச் சொல்லும் முடிச்சவிழ்த்தலையே குறிக்கும். தடயத்தைக் குறிக்கும் ‘க்ளூ’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் நூலுருண்டை.

குலசேகரத்தை அடுத்த ஓர் ஊரில் புகைப்புரையில் உலரத் தொங்கவிட்ட ரப்பர் ஷீட்டுகள் ஓர் இரவில் காணாமற்போயின என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்துக்குப் போகுமுன்பே செய்தி சாயாக்கடைக்குப் போய்விடும். நாளிதழின் தாள்களைப் பிரித்து ஆளுக்கொன்றாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் தலைநிமிர்வார்கள். ஷீட்டில் ரோலர் பதித்த வரிகள் எப்படி இருந்தன, விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனவர் யாரைக் கண்டார், மளிகைக் கடையில் யாருடைய பழைய பற்று திடீரென்று தீர்ந்தது என்று ஒவ்வொரு இழையாக இழுப்பார்கள். கோஸி மிஸ்டரிக்கு வேண்டிய அனைத்தும் அங்கே இருக்கிறது, எழுதுவாரைத் தவிர.

ஆகவே ‘இன்சொல்’ என்பதைப்போல ‘இன்புதிர்’ என்று அமைப்பதே சரியென்று கருதுகிறேன். சொல் சிறியது, வெப்பத்தையும் குளிரையும் சாராதது, வாசகர் செய்யவேண்டிய வேலையையும் குறிக்கிறது. கொலை நடக்கும் கதையில் இனிமை எங்கிருந்து வந்தது என்று கேட்பாருக்கு, இனிமை கொலைக்கு அடைமொழியன்று, புதிருக்கே அடைமொழி என்பது விடை.

வழக்கில் ‘இன்புதிர்க் கதை’, ‘இன்புதிர் நாவல்’ என எழுதலாம். ‘இன்புதிர்த் தொடர்கதை’ என்று மட்டும் எழுதவேண்டாம். தமிழில் தொடர்கதை என்பது வாரந்தோறும் ‘தொடரும்’ என்று பாதியில் நிற்பது. இங்கோ ஒவ்வொரு நூலும் தனக்குள் முடிந்துவிடுகிறது, ஊரும் மனிதர்களும் மட்டுமே தொடர்கிறார்கள். அதற்கு ‘இன்புதிர் வரிசை’ என்பதே பொருந்தும். பதிப்பிப்பவர்கள் அட்டையிலேயே அது வரிசையில் எத்தனையாவது நூல் என்பதை அச்சிடவேண்டும். நான்காவதை முதலில் வாங்கிவிட்ட வாசகருக்கு, அதில் வருபவர் யார்மேல் இரண்டாவதில் சந்தேகம் விழுந்தாலும் அவர் தப்பிவிடுவார் என்பது முன்பே தெரிந்துபோகும்.