கேள்வி கேட்காத 5 நிமிடம்

என் ஆலோசனை அறையின் மூலையில் பாய் விரித்து மரக்கட்டைகளைக் கொட்டி வைத்திருக்கிறேன். பெற்றோருக்கு நான் தரும் முதல் வேலை, 5 நிமிடம் பிள்ளையோடு விளையாடுவது. கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, திருத்தக் கூடாது. பெரும்பாலோர் ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

ஒரு தந்தை வந்திருந்தார். 6 வயது மகன் கட்டைகளை அடுக்கி லாரி செய்துகொண்டிருந்தான். "இது என்ன நிறம்?" "எத்தனை சக்கரம்?" "லாரிக்கு ஸ்பெல்லிங் சொல், பார்ப்போம்." மூன்றாவது கேள்வியில் பையன் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். "பார்த்தீர்களா மேடம், எதைக் கேட்டாலும் இப்படித்தான்" என்றார் தந்தை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். விடை தெரிந்தவர் கேட்கும் கேள்விக்குப் பெயர் பரீட்சை அல்லவா?

இந்த 5 நிமிட விளையாட்டு என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய சிகிச்சை முறையின் முதற்படி. வீட்டில் தினமும் 5 நிமிடம் போதும். பிள்ளை செய்வதைப் பார்த்துச் சொல்லுங்கள்: "சிவப்புக் கட்டையை மேலே வைக்கிறாய்." அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம், அவன் செய்வதை நீங்களும் செய்யலாம். கிரிக்கெட் வர்ணனை மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்படுவார்கள். முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். கேரம், தாயம் வேண்டாம். விதி இருந்தால் திருத்தலும் கூடவே வந்துவிடும். களிமண், சொப்புச் சாமான் நல்லது.

கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தில் சலனமே இல்லாமல் பார்த்தபோது, சில மாதக் குழந்தைகள் அவளைச் சிரித்துக் கூப்பிட்டுப் பார்த்தன. பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டன. திரையில் மூழ்கிய நம் முகத்தை நினைத்துக்கொள்கிறேன்.

அம்மாக்கள் என்னோடு சண்டைக்கு வருவது வேறொன்றுக்கு. அடம்பிடித்த நாளிலும் அந்த 5 நிமிடத்தை நிறுத்தக் கூடாது என்பேன். "செல்லம் கொடுத்துக் கெடுக்கச் சொல்கிறீர்களா?" கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள். ஆனால் நல்லபடி நடந்தால்தான் அம்மா பக்கத்தில் உட்காருவாள் என்றால், அது கூலியாகிவிடும்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தந்தை வந்தார். மகன் தானாகவே சொன்னானாம்: லாரிக்கு ஆறு சக்கரம், அதில் ஒன்று பஞ்சர்.