ஒண்ணுமே சாப்பிடலை டாக்டர், டீ மட்டும்தான்!

ஆபரேஷனுக்கு முன்பு நோயாளியைப் பார்க்கப் போகும் மயக்க மருத்துவர்கள் எல்லோரும் இந்த பதிலைக் கேட்டிருப்போம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. டீயை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. ஆனால் பால் கலந்த டீ வயிற்றுக்குள் போனதும் திரிந்துவிடும். அதனால் எங்கள் கணக்கில் அது இரண்டு இட்லிக்குச் சமம். 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் போதும். பிரியாணி, பரோட்டா என்றால் 8 மணி நேரமாவது ஆக வேண்டும். மயக்கத்தில் இருமல்கூட வராது என்பதால், வயிற்றில் இருப்பது மேலேறி வந்தால் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். "பச்சப்புள்ள பசி தாங்காதே" என்று பாட்டி ரகசியமாக பிஸ்கட் கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், யாராவது திட்டவும் செய்யலாம். திட்டினாலும் சொல்லுங்கள்.

குடி விஷயம் வேறு. "எப்பவாவது, கல்யாணம் காட்சின்னா..." என்று கணவர் இழுப்பார், மனைவி ஜன்னலைப் பார்ப்பார். தினமும் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் குடி சட்டென்று நின்றுபோகிறது. இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், சொட்டு மருந்துக் குழாயைப் பிடுங்கி எறிவார். வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. வீட்டார் "மயக்க ஊசி மூளையைப் பாதித்துவிட்டது" என்பார்கள். முன்பே தெரிந்திருந்தால் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மாத்திரைகளும் கொடுத்துப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

இதில் எங்கள் தரப்புக் குறையும் இருக்கிறது. மாமியாரும் மச்சானும் சுற்றி நிற்க, படிவத்தைப் பார்த்தபடி "குடி உண்டா, புகை உண்டா?" என்று கேட்டால் யார்தான் "உண்டு" என்பார்கள்? உறவினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால், அதே ஆள் "குவார்ட்டர் சார், தினமும்" என்று அளவோடு சொல்வார்.

மூட்டுவலிக்கு வாங்கிச் சாப்பிடும் பெயரில்லாப் பொடிகளையும் பலர் மறைக்கிறார்கள், "இங்கிலீஷ் டாக்டர் கோபிப்பார்" என்று. எனக்கு சித்த மருத்துவத்தோடு சண்டை இல்லை, பெயர் ஒட்டாத பொட்டலத்தோடுதான். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு உடல் தானாக அதைச் சுரப்பது குறைந்துபோயிருக்கும். ஆபரேஷன் நடுவே ரத்த அழுத்தம் சரிய அதுவே காரணமாகலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை மறைப்பதும் ஆபத்து. முதுகில் ஊசி போடும் இடத்தில் ரத்தம் கட்டி, தண்டுவடத்தை அழுத்தக்கூடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதை டாக்டர் சொல்லட்டும்.

ஆடும் பல், கழற்றும் பல்செட் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது மயக்கத்துக்குப் பிறகு மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனதா என்பதும் முக்கியம். குறிப்பிட்ட தசைத் தளர்வு மருந்தைச் சிதைக்கும் நொதி சில குடும்பங்களில் பிறவியிலேயே குறைவு; ஆரிய வைசிய சமூகத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாததென்றால் "டாக்டர், தனியா பேசணும்" என்றால் போதும். மேசையில் படுத்த பிறகு நினைவு வந்தாலும் சொல்லலாம். ஊசி போடும்வரை நேரம் இருக்கிறது.