கறுத்துப்போன ஆறு

ஒரு பழைய பாரசீக ஓவியம். அதில் சிறுத்தைத் தோல் உடுத்தி மலையுச்சியில் அமர்ந்திருக்கிறான் கயூமர்ஸ். கவிஞர் ஃபிர்தௌசியின் ஷாநாமா என்ற பாரசீகக் காவியம் சொல்லும் கதைப்படி உலகின் முதல் அரசன் அவன்தான். ஈரான் மன்னர் ஷா தஹ்மாஸ்பின் ஷாநாமா பிரதிக்காக 1520களில் அங்குள்ள தப்ரீஸ் நகரில் இந்த ஓவியத்தை வரைந்தவர் சுல்தான் முகம்மது. மற்ற ஓவியர்கள் இதன் முன் வெட்கித் தலைகுனிந்தார்களாம். 1544இல் அக்காலக் கலைஞர் தோஸ்த் முகம்மது அப்படித்தான் எழுதிவைத்தார். பாறைகளை உற்றுப் பாருங்கள், ஒளிந்திருக்கும் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

வானம் தங்கம். ஐந்நூறு ஆண்டுகள் ஆகியும் மின்னுகிறது. கீழே ஓடும் நீரோ கறுத்துக் கிடக்கிறது. ஓவியர் அதைக் கறுப்பாக வரையவில்லை, வெள்ளியில் தீட்டினார். பெட்டியில் கிடக்கும் கொலுசு கறுப்பது போலத்தான் இதுவும். காற்றில் துளியளவு இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிவிடும். தங்கத்தை அது சீண்டாது. கொலுசைத் துலக்கலாம், தாளில் கருவேலம் பிசினால் ஒட்டியிருக்கும் வெள்ளிப்பொடியைத் துலக்கினால் ஓவியமே கையோடு வந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஓவியங்களின் அழகுக்கும் அதே கந்தகம்தான் காரணம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்தால் சாதிலிங்கச் சிவப்பு. ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தால் மஞ்சள் அரிதாரம் (நம் கூத்துக்காரர்கள் பூசும் அரிதாரத்துக்குப் பெயர் வந்ததும் இதிலிருந்துதான்). பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாஜவர்த் (லாபிஸ் லாசுலி) கல்லின் நீலத்தில்தான் கந்தகத்தின் உச்சகட்ட வித்தை. அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்களால் ஆன நுண்ணிய கூண்டுகளுக்குள் மூன்று மூன்று கந்தக அணுக்கள் அடைபட்டிருக்கும். ஒளியின் ஆரஞ்சு, மஞ்சள் பகுதியை அவை விழுங்கிவிட, நீலம் மட்டும் நம் கண்ணுக்கு வந்துசேர்கிறது. கூண்டுக்குள் இருக்கும் வரை வெயிலால் அதை எளிதில் கலைக்க முடியாது. கல்லை அரைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: கொரகொரப்பாக இருந்தால் ஆழ்ந்த நீலம், மாவாக அரைத்துவிட்டால் வெளிறிய நீலம்.

சரி, பச்சை? அங்கே தொல்லையே வேறு. செம்புப் பாத்திரத்தில் படியும் களிம்பு போன்ற பச்சையைத்தான் ஜங்கார் என்று பயன்படுத்தினார்கள். அதிலுள்ள செம்பு, தாளின் நாரான செல்லுலோஸை மெல்ல மெல்ல அரித்துவிடும். படத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு இழுத்த ஏடுகளில் அந்தக் கோட்டின் வழியே தாள் பழுப்பாகி, வெடித்து, நடுவிலுள்ள படம் கழன்று விழுந்துவிடும், கத்தரித்து எடுத்தது போல. பழைய பாரசீகக் கலைஞர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஜங்காரில் கொஞ்சம் குங்குமப்பூ சேர்க்கச் சொல்லி எழுதிவைத்தார்கள். பிற்கால ஆய்வகச் சோதனைகளிலும், குங்குமப்பூ சேர்த்த பச்சையின் கீழிருந்த தாள் அவ்வளவாகக் கருகவில்லை.

வெள்ளிக்கு மட்டும் அப்படியொரு மருந்து கிடைக்காமலே போய்விட்டது.