அது இரைப்பை இல்லை, கருப்பை

போன வாரம் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சிசேரியன் ஆகி எட்டாம் நாள். உதடு வெடித்திருந்தது. எழுந்து நின்றால் தலைசுற்றல். மூத்திரம் கடுங்காபி நிறத்தில், எரிச்சலோடு. மலம் போய் நாலு நாள். இந்தச் சித்திரை வெயிலில் அவளுக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அதுவும் மாத்திரை விழுங்க. "வயித்தைக் கிழிச்ச உடம்புங்க டாக்டரம்மா, தண்ணி குடிச்சா புண்ணுல தண்ணி கட்டிக்காதா?" என்றார் மாமியார். இந்தக் கோடையில் எனக்கு இது மூன்றாவது கேஸ்.

தமிழில் சோறு போகிற இடமும் வயிறு, பிள்ளை இருக்கிற இடமும் வயிறு. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாங்கள் கீறித் தைப்பது கருப்பையை. சோறும் தண்ணீரும் போவது இரைப்பைக்கும் குடலுக்கும். சாதாரண சிசேரியனில் அவற்றின் மேல் கத்தி படுவதே இல்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் மறுநிமிஷம் உங்கள் நாற்றங்காலில் வந்து நிற்கிறதா? கல்லணை, வெண்ணாறு, வாய்க்கால், மடை என்று வழி இருக்கிறதல்லவா? குடித்த தண்ணீருக்கும் வழி உண்டு: குடல், ரத்தம், சிறுநீரகம். தையலுக்குப் போக அதற்குத் தனி மடை கிடையாது. புண்ணில் சீழ் வைப்பது கிருமி. ரத்தசோகையும் கட்டுப்படாத சர்க்கரையும் அதற்குத் துணை. சொம்புத் தண்ணீர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பழியை மாமியார்கள் மேல் மட்டும் போட முடியாது. நான் பயிற்சியில் இருந்தபோது கேஸ் ஷீட்டில் 24 மணி நேரத்துக்கு வாய்வழி ஒன்றும் கூடாது என்று எழுதிய கை என்னுடையதுதான். "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டு, ஆமாம் என்றால்தான் தண்ணீர். அது பழைய கதை. முதுகில் ஊசி போட்டுச் செய்த, சிக்கல் இல்லாத சிசேரியனில் 2 மணி நேரத்துக்குள்ளேயே சாப்பிட ஆரம்பிக்கலாம் என்கின்றன இன்றைய வழிகாட்டுதல்கள். நான் கொஞ்சம் நிதானம்: குமட்டல் இல்லையென்றால் 2 மணி நேரத்தில் வெந்நீர் மடக்கு மடக்காக, 4 முதல் 6 மணி நேரத்துக்குள் இட்லி, ராத்திரிக்குக் குழைந்த ரசம் சாதம். காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். உள்ளே ஏதாவது போனால்தான் குடலும் சீக்கிரம் அசையும். (சூயிங்கம் மென்றாலும் குடல் சீக்கிரம் விழித்துக்கொள்ளும் என்று ஆய்வுகள் உண்டு. பிரசவ வார்டில் அதை எழுதிக்கொடுக்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.)

எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. முழு மயக்கம் கொடுத்தவர்கள், வலிப்புக்கு மருந்து ஏறுகிறவர்கள், ரத்தப்போக்கு நிற்காதவர்கள், குடல் ஒட்டியிருந்து பிரித்தெடுக்கப்பட்டவர்கள்: இவர்களுக்கு டாக்டர் சொல்லும் நேரம்தான் நேரம். சாப்பிட்ட பிறகு வயிறு கல்லாக உப்பினாலோ, பச்சையாக வாந்தி வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பூண்டுக் குழம்பு வையுங்கள், பால்சுறா புட்டு செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். லேகியத்தில் வெல்லம் இருக்கிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பருப்பும் முட்டையும் சீழ் பிடிக்கவைக்காது, புண் ஆறவே அவைதான் வேண்டும். கீரை, பழம், தண்ணீர் மூன்றையும் நிறுத்திவிட்டு இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கொடுத்தால் மலம் இறுகாமல் என்ன செய்யும்? முக்கும்போது தையல் இழுத்து அவள் அழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். அவளைப் பட்டினி போட்டுவிட்டு "பால் பத்தலை" என்று பவுடர் டப்பா வாங்க ஓடுகிறீர்கள்.

அப்பாக்களே, வராந்தாவில் போன் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஒரு வேலை செய்யுங்கள். அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் தண்ணீர் கையில் கொடுங்கள். அம்மா முறைத்தால் டாக்டர் சொன்னார் என்று என் மேல் போட்டுவிடுங்கள்.