பிரீமியம் என்றால் மேல்விலை

“மேல் வேரியண்ட்டுல இருக்கறது உயர்தர ஒலி அமைப்புன்னா, கீழ் வேரியண்ட்டுல வச்சிருக்கறது கீழ்த்தரமா கண்ணு?”

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார் ஷோரூமில் என் மாமா கேட்ட கேள்வி இது. அவர் கையில் அந்தக் காரின் வேரியண்ட்டுகளை, அதாவது ஒரே மாடலில் வசதிக்கும் விலைக்கும் ஏற்பப் பிரித்த வகைகளை, விளக்கும் ஒரு தாள் இருந்தது. ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், நாட்டுக்கல் பக்கமிருந்து கார் எடுக்க வருகிறவர்களில் நிறையப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுக்காகத் தமிழிலும் அச்சடித்திருக்கிறார்கள். அந்த அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘பிரீமியம் சவுண்ட் சிஸ்டம்’ என்பதை ‘உயர்தர ஒலி அமைப்பு’ என்று பெயர்த்திருந்தார்கள். இந்தப் பெயர்ப்பை நான் பார்ப்பது முதல் தடவை அல்ல. வங்கித் தாளில், செல்போன் விளம்பரத்தில், பெட்ரோல் பங்க் பலகையில் என்று எங்கே பிரீமியம் வந்தாலும் பக்கத்தில் உயர்தரம் வந்து நிற்கிறது. அது தவறு. வாங்குகிறவரின் பணத்தைத் தொடும் தவறு என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சொல்லின் பூர்வீகம் சுருக்கமாக. லத்தீனில் ‘பிரே’ என்றால் முன், ‘எமெரே’ என்றால் எடுத்தல். இந்த எடுத்தலே பிற்பாடு வாங்குதல் என்றும் ஆனது. நாமும் தீபாவளிக்குத் துணி ‘எடுக்கிறோம்’, கார் ‘எடுக்கிறோம்’. லத்தீன்காரர்களுக்கும் அதே போக்கு. இரண்டும் சேர்ந்த ‘பிரேமியம்’, மற்றவர்களுக்கு முன்னால் எடுத்துக்கொண்ட பங்கு. அதிலிருந்து வெகுமதி, பரிசு. ஆங்கிலத்துக்கு 1600 வாக்கில் பரிசு என்ற பொருளோடு வந்து, காப்பீட்டுக்குக் கட்டும் தொகை, குறித்த மதிப்புக்கு மேல் கொடுக்கும் தொகை என்று வளர்ந்தது. தரத்தில் உயர்ந்தது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. அதுவும் முதலில் வெண்ணெய் விற்பனையில்.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தச் சொல் நுழைந்தது எல்ஐசி வழியாக. என் மாமாவுக்கும் முதலில் அதுதான் நினைவுக்கு வந்தது. விற்பனைப் பையன் வாயால் “பிரீமியம் சவுண்டு” என்று சொன்னதும், “அதுக்கு மாசாமாசம் கட்டணுங்களா?” என்று கேட்டார். கேட்டது சரியான கேள்விதான். அவர் அறிந்த பிரீமியம், பணம் கட்டும் காரியம். அந்தத் தாளை எழுதியவரைவிட மாமா அந்தச் சொல்லின் மூலத்துக்கு நெருங்கி நின்றார்.

இப்போது உயர்தரத்துக்கு வருகிறேன்.

‘உயர்தர’ என்பது ஒரு தீர்ப்பு. ஒருவர் பொருளைப் பார்த்து, கேட்டு, ஒப்பிட்டு, இது ஒசத்தி என்று சொன்ன பிறகு ஒட்ட வேண்டிய சொல். ‘பிரீமியம்’ அப்படி அல்ல; வழக்கமான விலைக்கு மேல் இவ்வளவு வாங்குகிறோம் என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. ஆங்கிலம் படித்தவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் தரமும் விலையும் சேர்ந்தே மனதில் வரும். ‘உயர்தரம்’ என்று தமிழில் படிப்பவருக்கு விலை வரவே வராது. அந்தச் சொல்லில் காசு பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. மொழிபெயர்ப்பில் பாதிப் பொருள் விழுந்துவிட்டது, விழுந்த பாதி வாங்குகிறவருக்கு வேண்டிய பாதி.

‘ஆங்கிலத்திலும் இப்போது உயர்ந்த தரம் என்ற பொருளில்தானே எழுதுகிறார்கள், மொழிபெயர்ப்பாளர் மேல் என்ன குற்றம்’ என்று கேட்கலாம். விளம்பரம் எழுதுகிறவர் அப்படித்தான் எழுதுவார்; அது அவர் தொழில். ஆனால் ரயில்வேயைப் பாருங்கள். கடைசி நேர முன்பதிவான தத்கலில், 2014இல் பிரீமியம் தத்கல் வந்தது. அதே ரயில், அதே பெட்டி, அதே படுக்கை. டிக்கெட் தீரத் தீரக் கட்டணம் ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். இதை ‘உயர்தர தத்கல்’ என்று பெயர்த்தால் மெத்தை கொஞ்சம் கனமாக இருக்கும் என்றல்லவா பயணி நினைப்பார்? ஒரே சொல்லுக்கு அங்கே பொருந்தாத பெயர்ப்பு, கார் ஷோரூமில் மட்டும் எப்படிப் பொருந்தும்? இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருப்பது விலை. அதைத்தான் பெயர்க்க வேண்டும்.

இன்னொன்று, உயர்தரம் என்ற சொல்லே தேய்ந்துவிட்டது. ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? அந்தப் பலகையைப் பார்த்து யாரும் சாப்பாட்டின் தரத்தை முடிவு செய்வதில்லை. சைவ ஹோட்டல் என்பதற்கு முன்னால் போடும் அலங்காரமாக அது ஆகிவிட்டது. தேய்ந்த சொல்லை எடுத்து லட்சக்கணக்கில் பணம் கைமாறும் இடத்தில் வைப்பது இரட்டைத் தப்பு: நம்புகிறவர் ஏமாறுகிறார், நம்பாதவருக்கு அந்த வரியால் எந்தத் தகவலும் இல்லை.

எங்கள் எல்லைப் பக்கத்தில் வேறொரு குழப்பமும் உண்டு. மலையாளத்தில் ‘முந்திய இனம்’ என்றால் முதல் தரமான சரக்கு. அந்தப் பையன் நல்ல பையன், எங்களுக்காகத் தமிழில் பேச முயன்றவன். “இது முந்திய சிஸ்டமாணு சார்” என்றான். மாமாவின் முகம் மாறிவிட்டது. “முந்தின மாடலையா என் தலையில கட்டப் பாக்கறீங்க?” முந்துதல் என்ற ஒரே வேரிலிருந்து மலையாளத்தில் சிறந்தது பிறந்திருக்கிறது, தமிழில் பழையது பிறந்திருக்கிறது. லத்தீன் ‘பிரே’யும் இதே ‘முன்’தான். அழகான ஒற்றுமை, ஆனால் எல்லையில் வாழ்கிறவர்கள் இந்தச் சொல்லைத் தமிழ்த் தாளில் ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, அந்த மேல்விலைக்கு என்னதான் கிடைக்கிறது? அதைச் சொல்லாமல் சொல்லைப் பற்றி மட்டும் பேசுவது சரியாகாது.

கார் கம்பெனியும் ஒலிக் கம்பெனியும் கைகோப்பது பழைய கதை. அமர் போஸ் 1964இல் தொடங்கிய கம்பெனி, 1983ஆம் ஆண்டு கேடிலாக் செவில் காரிலேயே அந்தக் காருக்கென்று அமைத்த ஒலியைக் கொடுத்தது. நம் ஊரில் இது பரவலானது கடந்த சில வருடங்களில். 2019இல் வந்த கியா செல்டாஸில் போஸின் 8 ஸ்பீக்கர், அதே வருடம் டாடா ஹாரியரில் ஜேபிஎல்லின் 9 ஸ்பீக்கர், 2021இல் மஹிந்திரா எக்ஸ்யுவி 700இல் சோனியின் 12 ஸ்பீக்கர். ஜேபிஎல், ஹார்மன் கார்டன், இன்ஃபினிட்டி, மார்க் லெவின்சன் என்று தனித்தனியாக மின்னும் பெயர்கள் எல்லாம் ஹார்மன் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. அந்தக் குழுமம் 2017 முதல் சாம்சங் கையில். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு வெவ்வேறு விலைத்தட்டில் வெவ்வேறு பெயர். எல்லாவற்றுக்கும் ‘உயர்தர’ என்று ஒரே முத்திரையைக் குத்தினால் எது எவ்வளவு உயரம்?

அப்புறம் ஸ்பீக்கர் எண்ணிக்கை. கண்ணாடி ஓரத்தில் கீச்சொலி தரும் சின்ன ட்வீட்டரும் ஒன்று, கதவில் கனத்த ஒலி தரும் வூஃபரும் ஒன்று என்றுதான் கணக்கு. எண்ணிக்கை கூடினால் ஒலி அந்த அளவுக்குக் கூடும் என்று இல்லை. பணம் வேலை செய்யும் இடம் வேறு: ஸ்பீக்கருக்குப் போகும் மின்சமிக்ஞையைப் பெரிதாக்கும் தனி ஆம்ப்ளிஃபயரும், அந்தக் கேபினுக்கென்று ஒலியைத் திருத்தும் சில்லும் (சிப்). சாதாரண ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஆம்ப், 12 வோல்ட் பேட்டரியில் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ச்சியாகக் கொடுப்பது சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் வழிக்கு, 20 வாட் அளவுதான். ஸ்டீரியோவின் மேலே 50 வாட் என்று எழுதியிருப்பது ஒரு கணத்து உச்சம். தனி ஆம்ப் இருந்தால் சத்தம் கூட்டும்போது குரல் உடையாது. நம் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்கிறார். வலக்கதவு ஸ்பீக்கர் அவருக்குப் பக்கம், இடக்கதவு ஸ்பீக்கர் தூரம். தூரம் ஒரு மீட்டர் வித்தியாசப்பட்டால் ஒலி 3 மில்லிநொடி பிந்தி வரும். பக்கத்து ஸ்பீக்கரை அந்த அளவுக்குப் பிடித்து நிறுத்தினால்தான் பாடுகிறவர் முன்கண்ணாடிக்கு நேர் நடுவில் நின்று பாடுவது போல இருக்கும். அந்தச் சில்லு செய்யும் வேலைகளில் இது ஒன்று.

இந்த ஆம்ப்ளிஃபயர் தமிழ்த் தாளில் எப்படி இருந்தது தெரியுமா? ‘தனி ஒலிபெருக்கியுடன் கூடிய 8 ஒலிபெருக்கிகள்.’ ஸ்பீக்கருக்கும் ஒலிபெருக்கி, ஆம்புக்கும் ஒலிபெருக்கி! நம் இயற்பியல் பாடநூலில் ஆம்ப்ளிஃபயருக்குப் ‘பெருக்கி’ என்று நல்ல சொல் இருக்கிறது. ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. பெருக்கி அனுப்பியதை அது ஒலியாக மாற்றிக் காற்றில் விடுகிறது. திருவிழாக் குழாய்க்கு ஒலிபெருக்கி என்று பேர் நிலைத்துவிட்டது, அது இருக்கட்டும். ஆனால் இரண்டும் ஒரே வரியில் வரும்போது ‘தனிப் பெருக்கியும் 8 ஸ்பீக்கரும்’ என்று எழுதினால் எவருக்கும் புரியும். எதற்காக மேல்விலை கொடுக்கிறோமோ அந்தப் பொருளையே மொழிபெயர்ப்பு மறைத்துவிட்டது. இந்தத் தாள்களை எழுதுகிறவர்கள் பொருளைக் கண்ணால் பார்ப்பதில்லை, ஆங்கில வரியை மட்டும் பார்க்கிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

மாமா தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் காரிலேயே உட்கார்ந்து கேட்டார். அவர் பென்டிரைவில் இருந்தது நாகசுர மேளம். நடு வேரியண்ட்டில் தவிலின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கத்தின் அடி, விழும்போதெல்லாம் கதவுப் பிளாஸ்டிக் கூடவே நடுங்கியது. அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்து எனக்கும் காட்டினார். மேல் வேரியண்ட்டில் நடுக்கம் குறைவு, தொப்பியின் அடி நம் வயிற்றில் தெரிந்தது. நாகசுரத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் எனக்குக் கேட்கவில்லை. பிறகு கோவை வானொலியைப் போட்டார். செய்தியில் இரண்டு காரும் ஒன்றுதான். வாளையார் வழியாக லாரிகளுக்கு நடுவே 80இல் போகும்போது டயர் இரைச்சலே நுணுக்கத்தில் பாதியைத் தின்றுவிடும். ஆக, பாட்டை உட்கார்ந்து ரசிக்கிறவருக்கு அந்த மேல்விலை நியாயம். செய்தியும் பேச்சும் கேட்கிறவருக்கு வேண்டாத செலவு. இதைக் காதுதான் முடிவு செய்ய வேண்டும். உயர்தரம் என்று எழுதியவர் காதுக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? கணக்குப்பதிவியல் பாடநூல்கள் ‘முனைமம்’ என்கின்றன. முகமதிப்புக்கு மேல் பங்கை வெளியிடும்போது அது பொருத்தமான சொல். முனை என்பதில் லத்தீனின் ‘முன்’னும் எதிரொலிக்கிறது. பாடநூலில் அது இருக்க வேண்டியதுதான். ஆனால் ஷோரூமில் ‘முனைம ஒலி அமைப்பு’ என்றால் யாருக்கும் விளங்காது. ‘மிகைவிலை’ என்று சிலர் எழுதுகிறார்கள். மிகையில் வேண்டாதது, அளவு மீறியது என்ற வாசனை இருக்கிறது. உயர்தரம் விற்கிறவர் பக்கம் சாய்ந்தால் மிகைவிலை எதிர்ப்பக்கம் சாய்கிறது. ‘சொகுசு’ வேறு சரக்கு, அதை விட்டுவிடலாம்.

நான் சொல்வது ‘மேல்விலை’. மேல்செலவு, மேல்வரும்படி என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். அங்கே ‘மேல்’ என்பது இருப்பதற்கு மேலே வருவது. உயரம் என்ற நிழலும் அதில் இருப்பதால் ஆங்கிலச் சொல்லின் பெருமையும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. ‘மேல்விலை ஒலி அமைப்பு: தனிப் பெருக்கி, 8 ஸ்பீக்கர்’ என்று எழுதினால் படிப்பவரின் அடுத்த கேள்வி தானாக வரும்: எவ்வளவு மேல்?

மாமா அந்தக் கேள்வியைக் கேட்டே விட்டார். இரண்டு வேரியண்ட்டுக்கும் நடுவே ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஆனால் அதில் சன்ரூஃப், காற்று வரும் சீட், பெரிய சக்கரம் எல்லாம் சேர்ந்திருந்தன. “பாட்டுப் பெட்டிக்கு மட்டும் எவ்வளவுங்க தம்பி?” பையன் உள்ளே போய் மேனேஜரிடம் கேட்டுவிட்டு வந்தான். தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாதாம், எல்லாம் ஒரே பேக்கேஜ். மாமா நடு வேரியண்ட்டுக்கே முன்பணம் கட்டினார். வண்டி வந்த மறுவாரம் பொள்ளாச்சியில் நான்கு கதவையும் பிரித்து உள்தகட்டில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டினோம். வயரில் கை வைக்கவில்லை. இப்போது தொப்பி விழும்போது கதவு நடுங்குவதில்லை.